ஒரு காது சாலைக்கு, ஒரு காது விண்கலத்துக்கு

என் மகள் கார் ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்காரலாம். ஆனால் காதில் எதையாவது மாட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். நிபந்தனை அவளுடையது. எல் போர்டு வைத்து ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் இருந்தாக வேண்டும், எங்கள் வீட்டில் அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதால் அவளுக்கும் வேறு வழியில்லை. என் கணவர் காரின் முன் சீட்டில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். பின் சீட்டில் உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார்.

நான் பல வருடங்களாகப் பெங்களூரில், பொம்மனஹள்ளியிலிருந்து ஆபீசுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிறவள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்வரை எனக்குப் பயம் கிடையாது. இடது பக்க சீட்டுக்கு மாறியதும் வேறு ஆளாகிவிடுகிறேன். அங்கே பிரேக் இல்லை என்று எனக்குத் தெரியும், என் வலது காலுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து மிதியடியில் இப்போது ஒரு குழி விழுந்திருக்கிறது.

நிபந்தனைக்குக் காரணம் அடுகோடி சிக்னல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பச்சை விளக்கு விழுந்து, அவள் கிளட்சை மெதுவாக விட்டு, வண்டி அழகாக நகர ஆரம்பித்த நேரத்தில் நான் "பஸ்ஸு, பஸ்ஸு" என்று கத்தினேன். அவள் பதறி இரண்டு காலையும் எடுத்துவிட்டாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நட்டநடுவில் நின்றது. பஸ் இருந்தது உண்மை. ஓரமாக நிறுத்தத்தில், டிரைவர்கூட இல்லாமல் நின்றிருந்தது. பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரனை அழுத்தின. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி எங்களை நிதானமாகப் பார்த்தார்.

"பாப்பா, அம்மாவ இங்கயே எறக்கி வுட்டுடு. வண்டி தானா போவும்."

"தேங்க்ஸ்ணா" என்றாள் என் மகள். ஆட்டோக்காரர் சொன்னதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் பச்சை விளக்கைப் பார்த்தால் என் கை தானாகக் கதவுப் பிடியைப் பற்றிக்கொள்கிறது. சிவப்பு பரவாயில்லை.

இதில் சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று இருந்தது. அவளுக்கு ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை கிடைத்திருந்தது. டெஸ்ட் பாஸ் ஆனதும், நீ வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் நான் காரைத் தனியாக எடுத்துக்கொண்டு போவேன் என்றாள். நான் "பார்க்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு மூன்று வயதிலிருந்தே தெரியும். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனைக்கும் அவளாகத் தட்டைக் கழுவியதே கிடையாது. எனக்குக் கலவரமாகிவிட்டது.

காதில் எதை மாட்டுவது என்று பல சோதனைகள் செய்தோம். பக்திப் பாட்டு போட்டால் என்னையறியாமல் கண்ணை மூடிக் கைகூப்பிவிடுகிறேன். லாரி முந்தும்போது பக்கத்து சீட்டில் ஒருத்தி கும்பிட்டுக்கொண்டிருந்தால் ஓட்டுகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாள். செய்தி போட்டால் முதல் செய்தியே விபத்து. சமையல் நிகழ்ச்சி கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதில் ஒரு அம்மாள் கொதிக்கும் எண்ணெய்க்கு மேல் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தது தாங்க முடியவில்லை.

கடைசியில் போனில் கதைகளை வாசித்துக் காட்டும் ஒரு செயலியைத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தொடர் கண்ணில் பட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஜோலார்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூர் வந்து போனவள். அந்தப் பயணத்தில் என்னை உயிரோடு வைத்திருந்தது பாக்கெட் நாவலாக வந்த ஒரு விண்வெளித் தொடர். மொத்தம் பன்னிரண்டு பாகம். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கிரகம் வெடித்துக்கொண்டிருக்கும். உள்ளே எதுவும் வெடிக்காது. ஒரு விண்கலம், அதற்கு ஒரு கேப்டன், பெயர் தெரியாத கிரகங்கள். கேப்டன் எங்கே குதிக்கக்கூடாதோ அங்கே குதிப்பான். கன்டோன்மென்ட்டில் இறங்க வேண்டியவள் கதை மும்முரத்தில் சிட்டி ஸ்டேஷன்வரை போய், ஒக்கலிபுரம் வழியாகத் திரும்பி வந்து ஆபீசில் திட்டு வாங்கியிருக்கிறேன். அப்படி ஒருவன் கூப்பிட்டிருந்தால் அடையாள அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கலத்தில் ஏறியிருப்பேன்.

இப்போது அதையே கணீரென்ற ஒரு குரல் வாசித்தது. ஒரு காது சாலைக்கு, ஒரு காது விண்கலத்துக்கு என்று பிரித்துக்கொண்டேன். முதல் பாகம் முடிவதற்குள் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அந்தக் கேப்டனிடம் நான் ஒரு சைக்கிளைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டேன்.

எரிபொருள் இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்புகிறான். இரண்டு சூரியன் உள்ள கிரகத்தில் தொப்பி இல்லாமல் இறங்குகிறான். நீலமாக எதைக் கண்டாலும் குடித்துப் பார்க்கிறான். இவனையா ரயில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்தக் கலத்தில் விவரமுள்ள ஆள் ஒருவர்தான் இருந்தார். பண்டகக் காப்பாளர். பிஸ்கட்டும் ஆக்சிஜன் சிலிண்டரும் அவர் பொறுப்பு. ஒவ்வொரு கிரகம் வரும்போதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "இறங்க வேண்டாம் என்று நினைக்கிறேன்." கேப்டன் சிரிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த வயதில் நானும் சிரித்திருக்கிறேன். அவர் வரும் பக்கங்களைத் தாண்டியும் போயிருக்கிறேன். இப்போது கேட்டால், மனிதர் சொன்னது ஒவ்வொரு முறையும் பலித்திருக்கிறது. ஒருவராவது அதற்காக ஒரு நன்றி சொன்னதாக எந்தப் பாகத்திலும் இல்லை. போதாக்குறைக்கு, வாசித்தவர் கேப்டனுக்கு இடிமுழக்கம் போன்ற குரலையும் பண்டகக் காப்பாளருக்கு மூக்கடைத்த ஆட்டுக்குட்டியின் குரலையும் கொடுத்திருந்தார்.

மூன்றாம் பாகத்தில் விபரீதம் நடந்தது. மடிவாளா தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். மகள் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மிகப் பொறுப்பாக இடைவெளி விட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். கேப்டன் ஒரு கிரகத்தில் பூ வாசனை பார்ப்பதற்காகத் தலைக்கவசத்தின் கொக்கியில் கை வைத்தான்.

"டேய், வேணாம். நிறுத்துடா" என்று நான் கத்தினேன்.

அவள் நிறுத்திவிட்டாள். சீட் பெல்ட் என் கழுத்தைப் பிடித்தது. தண்ணீர் லாரி தன்பாட்டுக்குப் போய்விட்டது. முன்னால் ஆள், நாய், பள்ளம் எதுவும் இல்லை. அவள் நாலாபக்கமும் பார்த்தாள்.

"யாரும்மா? எங்க?"

"கேப்டன்" என்றேன். "ஹெல்மெட்டைக் கழட்டுறான்."

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஹாரன் ஒலித்தது. நெற்றிதான் அழுத்தியிருந்தது. நிமிர்ந்து, வண்டியை ஓரமாகக் கொண்டுபோய், இண்டிகேட்டர் போட்டு, கைபிரேக் இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இனிமே ஸ்பீக்கர்ல போடு. நீ யாரப் பாத்து கத்துறன்னு எனக்கும் தெரியணும்."

இப்படித்தான் அவளும் கலத்தில் ஏறினாள். அன்றைக்கே பண்டகக் காப்பாளர் பேசும் இடம் வந்தது. ஆட்டுக்குட்டிக் குரல் தொண்டையைச் செருமியது. "இறங்க வேண்டாம் என்று நினைக்கிறேன்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு சிக்னல்வரை ஓட்டினாள். சிவப்பு விழுந்ததும் சிரித்தாள் பாருங்கள், பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்த தம்பதி எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ம்மா, இது நீ. மூக்குகூட நீதான்."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே அவள் தொண்டையைச் செருமுவாள். வீட்டிலும் அதுவே. என் கணவர் தூக்கத்திலிருந்து எழுந்துவந்து, உங்களுக்குள் என்ன சிரிப்பு என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார்.

ஒருவர் இல்லாமல் ஒருவர் கேட்கக்கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். கதை நல்ல கட்டத்தில் இருந்தால் ஓசூர் ரோட்டு நெரிசலை இரண்டு பேருமே வாழ்த்தினோம். வண்டி ஊர்ந்தது, அவள் கை பதறாமல் கியர் மாற்றியது. எனக்கும் அது தெரிந்தது, ஆனால் நான் சொல்லவில்லை. ஒருநாள், இந்தப் பண்டகக் காப்பாளர் பேச்சைக் கேட்டிருந்தால் இத்தனை பேர் காலையும் கையையும் உடைத்துக்கொண்டிருக்க மாட்டார்களே என்று நான் வாதாடினேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவர் பேச்சக் கேட்டிருந்தா பன்னெண்டு புக்கு வந்திருக்காதும்மா. ஒரே புக்கு. அதுலயும் மொத பக்கத்துலயே கதவச் சாத்திட்டு தூங்கப் போயிருப்பாங்க."

எனக்கு உடனே அந்தத் தட்டு கழுவிய இரவு ஞாபகம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு மேம்பாலத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெஸ்ட் நாளன்று திடலுக்குள் பெற்றோரை விடவில்லை. நான் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக இருந்தேன். அவள் வேலியையும் என் முகத்தையும் பார்த்தாள். ஏழாம் பாகத்தில் அடுத்த அத்தியாயத்தை நீ தனியாகக் கேட்டுக்கொள்ளலாம், ஒப்பந்தத்தை இன்றைக்கு மட்டும் தளர்த்துகிறேன், ஆனால் வேலி பக்கம் வரக்கூடாது என்றாள். எதிர்ப்பக்க டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இன்னொரு பெண்ணின் அப்பா, கன்னடக்காரர், காலி டம்ளரை வாயில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். டீ எப்போதோ தீர்ந்திருந்தது. என்ன கேட்கிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தவராம், தமிழ் புரியுமாம். மாட்டாமல் வைத்திருந்த இன்னொரு இயர்போனை எடுத்துக் கொடுத்தேன். மறுக்காமல் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

அந்த அத்தியாயத்தை நான் ரயிலில் படித்ததே இல்லை. பண்டகக் காப்பாளர் மட்டும் வரும் அத்தியாயம். சண்டை இல்லை, தாண்டியிருக்கிறேன். எல்லோரும் கிரகத்தில் இறங்கிவிடுகிறார்கள். அவர் மட்டும் கலத்தில் இருக்கிறார். பிஸ்கட் டப்பாக்களைப் பெரியது சிறியது என்று அடுக்குகிறார். கலைத்துவிட்டுச் சிறியது பெரியது என்று அடுக்குகிறார். காலியாகத் தொங்கும் ஒரு விண்வெளி உடுப்பிடம், சாப்பிட்டாயா என்று கேட்கிறார். நடுநடுவே ரேடியோவில் கீழே இருப்பவர்களை எச்சரிக்கிறார். பார்த்து, வழுக்கும் என்கிறார். அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்த ஒருவன் வழுக்கி விழுகிறான். மனிதர் வெகுநேரம் யோசிக்கிறார். பிறகு ரேடியோவில் பேசும் பொத்தானை அணைக்கிறார். கேட்கும் பொத்தானை அணைக்கவில்லை. அவர்கள் நடப்பதையும் மூச்சு வாங்குவதையும் தன்னைக் கேலி செய்வதையும் கேட்டுக்கொண்டு, வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருக்கிறார்.

"ஆமேலே ஏனாய்து?" என்றார் பக்கத்திலிருந்தவர். அப்புறம் என்ன ஆச்சு என்று அவருக்கு அவசரம். நான் அவருக்கு வடை வேண்டுமா என்று கேட்டேன்.

அதற்குள் அவள் சாலையைக் கடந்து வந்துவிட்டாள். இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடந்தாள். முகத்தைப் பார்த்ததுமே பாஸ் என்று தெரிந்தது. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரும்போது அவள் தனியாகப் போவதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நான் கேட்ட அத்தியாயத்தை முதலிலிருந்து போட்டாள். பொத்தானை அணைக்கும் இடம் வந்தபோது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தாள், அவ்வளவுதான்.

லைசென்ஸ் கைக்கு வந்து, வேலையில் சேரும் நாளும் வந்தது. நான் சாவியைக் கொடுத்தேன். அது எளிதாக நடந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். நான் சாவியை நீட்டினேன், அவள் பிடித்தாள், என் விரல்கள் விடவில்லை, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அதன் பிறகு எனக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது என்றேன். கிளம்பும்போதே எனக்கு போன் செய்து, போனை அப்படியே காரில் உள்ள போன் ஸ்டாண்டில் வைத்துவிட வேண்டும். நான் கேட்பேன். பேச மாட்டேன்.

"ம்யூட்ல?"

"ம்யூட்லதான்."

"சத்தியமா?"

"பேசுற பொத்தான் ஆஃப்" என்றேன்.

அவள் போனாள். நான் அடுக்களையில் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். இண்டிகேட்டர் டிக்டிக் என்றது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். நான் எழுந்து நின்று, "வழி விட்டுடு, போகட்டும்" என்று கத்தினேன். ம்யூட். ஒரு பஸ்ஸின் பிரேக் கிறீச்சிட்டது. சாமி படம் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன். பிறகு அவள் யாரையோ சரளமான கன்னடத்தில் திட்டினாள். அந்த வார்த்தைகளை எங்கே கற்றாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் நான் அவ்வளவு கூர்ந்து கேட்டது தெரிந்துவிடும். என் கணவர் வந்து, கதை கேட்கிறாயா என்றார். ஆமாம் என்றேன். எந்தப் பாகம் என்றார். புதுசு என்றேன்.

ஒருவழியாக வண்டி வேகம் குறைந்தது. ரிவர்ஸ் கியரின் பீப் பீப். இன்ஜின் நின்றது. பிறகு அவள் தொண்டையைச் செருமினாள். மூக்கடைத்த ஆட்டுக்குட்டிக் குரலில், "இறங்கலாம் என்று நினைக்கிறேன்" என்றாள்.

கதவு திறந்தது, மூடியது. செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. போனைக் காரிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கும் நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை. காய் நறுக்கிக்கொண்டே, நிறுத்தி வைத்த காரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கார் பத்திரமாகத்தான் நின்றுகொண்டிருந்தது.