மூன்றாம் மாசிகத்தன்று வந்த அழைப்பு

வியாழக்கிழமை. மயிலாப்பூர், எங்கள் வீடு.
காலை 8.35: சடங்கு செய்விக்கும் வாத்தியார் வந்தார்.
8.50: மறைந்த என் மனைவிக்கு மாதந்தோறும் செய்யும் சடங்கான மாசிகம், மூன்றாவது, தொடங்கியது.
9.20: முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மருத்துவக் காப்பீடு பற்றி இலவச ஆலோசனை தரும் உதவி எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.
9.21: என் விரலில் தர்ப்பை மோதிரமான பவித்திரம் இருந்தமையால் தொலைபேசியை மச்சினர் எடுத்தார்.
9.47: அழைப்பு முடிந்தது.
மாலை 5.00: காப்பீட்டைப் புதுப்பிப்பதற்கான கெடு.

இக்குறிப்பை அன்றே எழுதிவைத்தேன். முப்பது ஆண்டுகள் ஒப்பந்தச் சட்டம் கற்பித்தவனுக்கு, நடந்தவற்றை நேரத்தோடு பதிவு செய்யும் பழக்கம் எளிதில் விடுவதில்லை. ஆனால் எங்கள் வீட்டு மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தத்தை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. மனைவி படித்திருந்தாள். பாலிசி அவள் பெயரில் இருந்தது. நானும் அவளுடைய தம்பியும் அதில் உறுப்பினர்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சினருக்குச் சிறுவயதில் போலியோ வந்தது. இப்போது அறுபத்திரண்டு வயது, எங்களோடுதான் இருக்கிறார். அடுத்த மாதம் அடையாறில் அவருக்கு இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை என்று முடிவாகியிருந்தது. பாலிசி காலாவதியாகி, சலுகை நாள்களும் அன்று மாலையோடு முடிந்தன. அதைத் தவறவிட்டால், பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அவருக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். அவருடைய இடுப்பு அத்தனை ஆண்டுகள் காத்திருக்கும் நிலையில் இல்லை.

உதவி எண்ணில் திங்களன்றே பதிவு செய்திருந்தேன். வியாழன் காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் அவர்களே அழைப்பார்கள். எடுக்காவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவோம். திதியும் வியாழனன்றே வந்தது. இரண்டையும் தள்ளிவைக்க எனக்கு அதிகாரம் இல்லை.

மணி அடித்ததும் வாத்தியார் மந்திரத்தை நிறுத்தினார்.

"மாமா, ஃபோனை அப்பறமா பாத்துக்கலாமே. நடுவுல நிறுத்தப்டாது."

"இது அப்பறமா வராது வாத்தியார். நாலு நாளாக் காத்துண்டிருக்கோம்" என்றார் மச்சினர்.

"பவித்திரத்தோட ஃபோனைத் தொடப்டாதே!"

"அவர் தொட வேண்டாம். நான் பிடிச்சுக்கறேன். சடங்கு பண்ற கர்த்தா நான் இல்லையே."

வாதம் குற்றமற்றது. வாத்தியார் மேல்முறையீடு செய்யாமல் மந்திரத்தைத் தொடர்ந்தார். மச்சினர் நாற்காலியிலிருந்து குனிந்து, தொலைபேசியை என் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"வணக்கம். தங்கள் பதிவுக்கு நன்றி" என்று தொடங்கிய பெண் குரல், இரண்டாவது வாக்கியத்தில் தன் இயல்புக்குத் திரும்பியது. "இன்னா சார், பின்னால யாரோ மந்திரம் சொல்லிக்கினு கீறாரு? சரி, பாலிசி எந்தக் கம்பெனி?"

அதே நொடியில் வாத்தியார், "கோத்ரம் சொல்லுங்கோ" என்றார்.

எனக்கு வாய் ஒன்றுதான். "ஸ்ரீவத்ஸ கோத்திரம்" என்றேன்.

"புதுக் கம்பெனியா சார்? என் லிஸ்ட்ல இல்லியே."

மச்சினர் சிரித்துவிட்டார். மூன்று மாதங்களில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. நான் கண்டிக்கவில்லை.

அடுத்து அவள் பாலிசி எண்ணைக் கேட்டாள். மச்சினர் அதை இரண்டிரண்டு இலக்கங்களாக வாசித்தார். காலையிலிருந்து காதில் விழுந்ததையெல்லாம் வாத்தியாரின் ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்லிப் பழகிய நான், எண்ணையும் அவ்வாறே சொன்னேன்.

"பாட்டா பாடறீங்க சார்? நம்பரை நம்பரா சொல்லுங்க."

சொன்னேன். பாலிசி என் பெயருக்கு மாற வேண்டும், மச்சினர் உறுப்பினராகத் தொடர வேண்டும் என்று என் கோரிக்கையையும் முறைப்படி தெரிவித்தேன். விசைப்பலகையின் சத்தம் கேட்டது. பிறகு குரல் தணிந்தது.

"சார், கஷ்டமா கீது. இதுல கூடப்பொறந்தவங்க வரலாம். அக்கா பேர்ல தம்பி இருந்தது சரி. உங்க பேர்ல மச்சான் வர முடியாது, அந்த உறவே லிஸ்ட்ல இல்ல. ஃபார்ம் கணக்குல நீங்க ரெண்டு பேரும் சொந்தமே இல்ல சார்."

நான் தர்ப்பைக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்தியாரால்தான் பொறுக்க முடியவில்லை.

"யாரும்மா சொன்னா சொந்தமில்லேன்னு? சாஸ்திரத்துல இருக்கு. மஹாளயத்துல பொண்டாட்டியோட கூடப்பொறந்தவனுக்குன்னே தனியா எள்ளும் ஜலமும் விடணும்!"

"சாமி, அது உயிரோட கீறவங்களுக்கா?"

வாத்தியார் யோசித்தார். "இல்லைம்மா. போனவாளுக்கு."

"அந்த லிஸ்ட்ல சேர எனக்கு அவசரமில்லை வாத்தியார்" என்றார் மச்சினர்.

மறுமுனையில் அவள் அடக்கிக்கொண்டு சிரித்தது கேட்டது. "அண்ணே, நீங்கதான் அந்தத் தம்பியா? கையெழுத்துப் போடுவீங்களா?"

"நன்னாப் போடுவேன்."

"அப்ப எதுக்கு இன்னொருத்தர் கீழ வரணும்? உங்க பேர்ல தனியா ஒண்ணு, சார் பேர்ல தனியா ஒண்ணு, பிரிச்சுக் கேளுங்க. அக்கா பேர்ல ஓடின வருசம் எல்லாம் ரெண்டு பேருக்கும் கூடவே வரும். காத்திருப்பு மறுபடி மொதல்லேர்ந்து இல்ல. ஆனா அஞ்சு மணிக்குள்ள மெயில் போயிடணும். அக்காவோட இறப்புச் சான்று, உங்க மாற்றுத்திறனாளி அட்டை, ஆளுக்கொரு ஃபார்ம், ஆளுக்கொரு லெட்டர். லெட்டர் நாலு வரி போதும். சார் பேசறதைப் பாத்தா பெருசா எழுதிடுவாரு போல."

"அத்திம்பேருக்கு நாலு வரில முகவுரையே முடியாதே!" என்றார் மச்சினர், என்னைக் காட்டி.

அவள் நன்றி சொல்லி வைக்கப்போனாள். வாத்தியார் தொலைபேசியை நோக்கி முழுதாகத் திரும்பினார்.

"அம்மா, வெச்சுடாதீங்கோ. என் மாமியாருக்கு எழுபத்திநாலு வயசு. சர்க்கரை இருக்கு. அவாளுக்கு எதாவது…"

"நடுவுல நிறுத்தப்டாதுன்னு யாரோ சொன்னா" என்றார் மச்சினர்.

"சாமி, அவங்க பேர்ல தனியாப் பதிவு பண்ணுங்க. காலைல கூப்பிடுவோம். அன்னிக்கு வேற வீட்ல மந்திரம் சொல்லிக்கினு இருக்காதீங்க."

வாத்தியார் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு, இடையில் பேச்சு வந்துவிட்டதால் சங்கல்பத்தை மறுபடி முதலிலிருந்து செய்வித்தார். இந்த முறை நான் கோத்திரத்தைச் சரியான ஆளிடம் சொன்னேன்.

பிற்பகலில் கடிதங்களை எழுதினேன். என் முதல் வரைவு மூன்று பக்கம் வந்தது. மச்சினர் பென்சிலால் அடித்து நான்கு வரியாக்கினார். முந்தைய பாலிசிதாரர் உங்களுக்கு என்ன உறவு என்று படிவம் கேட்டது. அவர் 'அக்கா' என்று எழுதினார். நான் 'மனைவி' என்று எழுதினேன். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் கையெழுத்திடுமுன் அவர் பேனாவை வேறொரு காகிதத்தில் இருமுறை ஓட்டிப் பார்த்தார். ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கையில் அனுப்பினோம். மறு வாரம் புதிய அட்டைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் மட்டும்.

செய்யாமல் நிற்பவை:

1. அடையாறு மருத்துவமனையின் முன் அனுமதிப் படிவம். 'உடனிருப்பவர், நோயாளிக்கு உறவு' என்ற கட்டம் நிரப்பப்படவில்லை.
2. என் பாலிசியில் நியமனதாரர் (நாமினி) பெயர். உறவினரல்லாதாரையும் ஏற்பார்களா என்று உதவி எண்ணில் கேட்க வேண்டும்.
3. மூன்று பெயர்கள் உள்ள பழைய அட்டையை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்புவது. இதற்குக் கெடு குறிப்பிடப்படவில்லை.