கீரை சாப்பிட்ட நாற்பத்தெட்டு நாட்கள்

என் கணவரின் நெஞ்சில் பழைய வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க அவர் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். மாதம் ஒருமுறை டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, நம்பரைப் பார்த்து, மாத்திரையைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே அவர் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தார், பிழைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று. இந்தத் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தார். எங்கள் எஸ்டேட்டில் ஒருவர் விரதம் என்றால் மற்ற வீட்டார் சும்மா இருக்க மாட்டார்கள். எல்லார் வீட்டுக்குப் பின்னாலும் முருங்கை நிற்கிறது. சட்டி சட்டியாகக் கீரை வந்தது. வராத நாளில் நானே பறித்துப் பொரியல் செய்தேன். எண்ணெய் அதிகம் இல்லை, இறைச்சி இல்லை. டாக்டருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

விரதம் முடிய இரண்டு வாரம் இருக்கையில் செக்கப் வந்தது. நம்பர் இறங்கியிருந்தது, ரத்தம் சீக்கிரம் உறைகிறது என்றார்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த பெண், சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்று மலாயில் கேட்டாள். எனக்குப் பின்னால் நீளமான வரிசை. புதிய ஆட்களிடம் பேசவே எனக்குக் கூச்சம். விரதத்துக்கு மலாயில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் புவாசா. அதைச் சொன்னால் பகல் முழுக்கப் பட்டினி கிடக்கிறார் என்று நினைத்துத் திட்டுவாளோ என்று பயந்தேன்.

"தாக் அடா," என்றேன். இல்லை என்று.

மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

பால்குடம் நல்லபடியாக முடிந்தது. விரதத்தை முடித்துவைக்கும் இடும்பன் பூசைக்கு மறுநாள் ஆட்டுக்கறி சமைத்தேன். "இத்தன நாளா ஆடு தின்னுறத நான் தின்னேன். இன்னிக்கு ஆட்டையே தின்னுறேன் லா," என்று சிரித்துக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டார். அதற்குப் பிறகு கீரை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் வற்புறுத்தவில்லை.

பத்து நாள் இருக்கும். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. முழங்கையில் நீலமாகக் கன்றியிருந்தது. புது பிரஷ் முரடு என்றார். நான் வேலை செய்யும் சுங்கை காடுட் தொழிற்சாலையில் காலை ஓய்வு நேரத்தில், கோலாலம்பூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். இதய நோயும் ரத்தம் உறைவதும் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு டாக்டரின் கட்டுரையைக் கண்டுபிடித்திருந்தாள். எல்லாம் இங்கிலீஷ். படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். கீரையில் உள்ள ஒரு சத்து இந்த மாத்திரையை வேலை செய்ய விடாதாம். கீரை சாப்பிடலாம், ஆனால் எப்போதும் ஒரே அளவில் சாப்பிட வேண்டுமாம். திடீரென்று கூட்டுவதும் ஆபத்து, திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

"அம்மா, கீரை சாப்பிட்டதாலதான் மாத்திரைய கூட்டியிருக்காங்க. இப்ப கீரை இல்ல. அப்பாவ இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க."

அவர் எஸ்டேட் லோரியில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு எண்ணெய் மில்லுக்குப் போயிருந்தார். போன் கிடைக்கவில்லை. எஸ்டேட் ஆபீசுக்கு அடித்தேன். லோரி மில்லில் வரிசையில் நிற்கிறது, வந்ததும் சொல்கிறேன் என்றார் கணக்குப் பார்க்கும் கிராணி. நான் பாதி நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து வாசலில் நின்றேன். நாலு மணிக்கு வந்தார். தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். வலது கால் மடங்கி அங்கேயே விழுந்தார்.

மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியே வைத்தால் வால்வில் ரத்தம் உறையும். மறுபடி தொடங்கினால் மூளையில் கசியலாம். வார்டு டாக்டர் தமிழர், பொறுமையாக விளக்கினார். விரதம், கீரை, ஆட்டுக்கறி, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். மகள் அச்செடுத்து வந்த கட்டுரையை நீட்டி, எப்போது தொடங்க வேண்டும் என்று இதில் இருக்கிறதா என்று கேட்டேன். இத்தனை பேச்சு நான் எந்த டாக்டரிடமும் பேசியதில்லை.

அவர் பக்கங்களைப் புரட்டினார். "உங்க வீட்டுக்காரருக்கு எந்த நாள்னு இதுல இல்லம்மா. எங்களுக்கும் தெரியல. பாத்துப் பாத்துதான் செய்யணும்."

இன்று நான்காவது நாள். அவர் கண் திறக்கிறார், பேச்சு வரவில்லை. காலையில் டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்று தங்களுக்குள் பேசினார்கள். மாத்திரையை நாளைக்குத் தொடங்கலாமா என்று பார்ப்போம் என்றார்கள். நேற்றும் அதைத்தான் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன்.