மூடி போட்ட ரோஸ் கலரு

ஒரு மருந்து பாட்டில் மூடிகிட்ட நேத்து நான் தோத்துட்டேன். பேத்திக்கு உடம்பு அனலா கொதிக்குது, தோள்ல சாஞ்சு அழுதுக்கினு இருக்கா. நான் திருகறேன், பல்லால கடிக்கறேன். மூடி டக்கு டக்குன்னு சும்மா சுத்துதே தவிர கழலல. உள்ள ரோஸ் கலர்ல மருந்து ஆடுது.

அந்தக் கலரைப் பாத்ததும் எங்க நைனா ஞாபகம் வந்துச்சு. பட்டு நூலுக்குச் சாயம் போடறவரு. மிச்ச சாயத்தை மூடிகூட இல்லாத கலர் சோடா பாட்டில்ல ஊத்தி அடுப்பங்கரையிலயே வெப்பாரு. அப்பதான் நடக்கப் பழகுன என் தம்பி ஒருநாள் அதை எடுத்துக் குடிச்சுட்டான். ரோஸ் ரோஸா வாந்தி எடுத்தவனைத் தூக்கிக்கினு அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடுனாங்க. நல்லவேளை, பொழச்சுக்கினான். அப்புறம் நைனா ஒவ்வொரு பாட்டில் வாயிலயும் துணி சுத்தி, நூலால முடிச்சு மேல முடிச்சா போட்டாரு. மறுநாள் அவராலயே அவுக்க முடியல. அண்டாவுல தண்ணி கொதிக்க, எங்களைத் திட்டிக்கினே நின்னாரு.

எம் பொண்ணு வந்து என் கையில இருந்த மருந்து பாட்டிலைப் புடுங்கி, மூடியை அழுத்தித் திருகித் தொறந்து, புள்ளைக்கு அளந்து குடுத்தா. அப்புறம் எங்கிட்ட திரும்புனா.

"கொழந்தைங்க தொறக்கக் கூடாதுன்னு செஞ்ச மூடிப்பா இது. உனக்கும் சேத்துதான் செஞ்சிருக்கான்."