கடலில் நடந்த மூன்று மாதம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம், மலாக்கா காஜா பேராங் திடலில் பந்தாடும்போது எதிரணி மாணிக்கம் வேண்டுமென்றே என் முழங்காலில் உதைத்தான்.

"ஓடாதீங்க தம்பி. இடுப்பளவு கடல் தண்ணியில மெதுவா நடங்க, மூட்டுல பாரம் விழாது," என்றார் காலுக்குக் கட்டுப்போட்ட ஆஸ்பத்திரி டிரெசர்.

மூன்று மாதம் தினமும் காலையில் நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் மாணிக்கத்தின் காலை மனத்துக்குள் உடைத்துக்கொண்டே நடந்தேன்.

கால் தேறியதும் அவனுக்கு எதிராக மறுபடி ஆடினேன். பந்தை விட்டுவிட்டு அவன் முழங்காலை உதைத்தேன். சுருண்டு விழுந்தான்.

"இப்ப மனசு ஆறிடுச்சா?" என்று வலியோடு கேட்டான்.

"பந்துக்குத்தான்டா காலை நீட்டினேன்," என்றேன். எல்லாரும் நம்பினார்கள்.

அவனுக்காக வருந்தினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். அதுவரை என்னை நல்லவன் என்றே நினைத்திருந்தேன்.