முன்னறையில் கட்டிய மூன்று ஊர்கள்

எனக்கு எழுபத்தாறு வயது நடக்கிறது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலும் யார் கையையும் எதிர்பார்க்காமல் பிழைக்கின்றன. படிப்பென்று பார்த்தால் பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அம்புட்டுத்தான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கயல் தன் போனில் எழுதுகிறாள். நடுவில் தன் சரக்கைச் சேர்க்காமல் இருந்தால் சரி.

நேற்று இதே போனில் அவள் ஓர் ஊர் கட்டிக்கொண்டிருந்தாள். வீடு முளைத்தது, மரம் முளைத்தது. "பக்கத்து ஊரு ஆரோடது?" என்று கேட்டேன். "ஆரோ ஒரு ஆளு அப்பத்தா. எந்த நாடுன்னே தெரியாது" என்றாள். நானும் ஊர் கட்டினவள்தான் என்றேன். போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். இந்தக் காலத்தில் ஒரு பேத்தியைத் தலை தூக்க வைப்பது லேசுப்பட்ட காரியமா, நீங்களே சொல்லுங்கள்.

ரெண்டாயிரம் பிறந்த புதுசு. தெப்பக்குளத்துப் பக்கம் எங்கள் வீடு. குளத்தில் தண்ணீர் இல்லாமல் பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடிய காலம். என் கடைசி மகன் செல்வம் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் சென்டர் போட்டான். நாலு பெட்டி, நாலையும் சேர்த்துச் சுவரோரமாக நீல ஒயர். அந்த அறையின் வாசம் இன்னும் எனக்கு வருகிறது. சூடேறின தூசியும் புது பிளாஸ்டிக்கும் பையன்கள் கழற்றிப் போட்ட சாக்ஸும் சேர்ந்த வாசம். காலையும் மாலையும் கூட்டம், மத்தியானம் ஈ ஓட்டுவான். தெருப் பெண்களை அந்நேரம் உட்கார வைத்தால் எலியைப் பிடிக்கப் பழகிவிடுவார்கள் என்பது அவன் யோசனை. எலி என்றால் அந்தப் பெட்டியின் எலி.

அதற்காக ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டான். ஒரே பொட்டலில் ஆளுக்கொரு ஊர், ஊருக்கு ஊர் ரோடு. உங்களிடம் மிஞ்சின தண்ணீரையும் கரண்டையும் பக்கத்து ஊருக்குத் தரலாம், குப்பையையும் தள்ளலாம். எல்லாம் படம்தான். தண்ணீருக்கு ஒரு சொட்டு, கரண்டுக்கு ஒரு மின்னல். வாங்கிக்கொள்ளப் பச்சை, வேண்டாமென்றால் சிவப்பு. எழுத்து தெரியாதவளுக்கென்றே செய்தது போல இருந்தது.

முதல் நாள் நான் வீடாகக் கட்டினேன். வரிசை வரிசையாக வீடு, ஒரு சனம் குடிவரவில்லை. "ரோடு எங்கம்மா?" என்றான் செல்வம். "சனம் நடந்தா தன்னால பாதை விழும்டா" என்றேன். உசிலம்பட்டிக்கு மேற்கே நான் பிறந்த காட்டில் அப்படித்தான் விழுந்தது. அந்தப் பெட்டிக்கு அது தெரியவில்லை. சரி, அதன் ஊரில் அதன் சட்டம் என்று ரோடு போட்டேன். போட்டதும் லாரியும் பஸ்ஸும் வந்தன பாருங்கள், எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ரெண்டாவதாக வந்தது எதிர்வீட்டுப் பத்மா. சௌராஷ்டிரக்காரம்மா. எங்களோடு தமிழ் பேசும், ஊரில் தீப்பிடித்தால் மட்டும் பெட்டியைப் பார்த்துத் தன் பாஷையில் திட்டும். அந்தம்மா ஊர் நடுவில் இருந்தது. கோலம் போட்ட மாதிரி தெருக்கள், கடைகள். சொந்தத் தண்ணீரும் கிடையாது, கரண்டும் கிடையாது.

மூன்றாவதாக வந்தவள் விருமாயி. என் கொழுந்தன் சம்சாரம், எனக்கு இளையவள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. மாமனார் போனபின் வீட்டை ரெண்டாகப் பிரித்ததில் தெருவாசல் எங்களுக்கு வந்தது, போர்வெல் அவர்களுக்குப் போனது. அவர்கள் தெருவுக்கு வர ஒரு சந்து உண்டு. ஒரு ஆள் நடக்கலாம், சைக்கிளோடு என்றால் ஒருச்சாய்த்துத்தான். பாகம் பிரித்த அன்றைக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவிலும், "அக்காவுக்கு வாசல் போதும், மனுசங்க வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அன்றோடு நான் அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டேன். வருடக்கணக்கில்.

மூன்று ஊராவது இருந்தால்தான் விளையாட்டு ருசிக்கும் என்று செல்வம்தான் போய்க் கூப்பிட்டிருக்கிறான். என்னைத் தாண்டிப் போய்க் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தாள். "தம்பி, நான் கடைக்கு வந்துருக்கேன். வீட்டுக்கு வரல" என்றாள். காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள், விழுந்தது.

எதிலும் எடுப்பாகச் செய்வாள் அவள். கரண்டு எடுக்கும் ஆலை வைத்தாள், பக்கத்திலேயே குப்பைக்கிடங்கு, அதைச் சுற்றி வட்டமாக மரம். "குப்பைக்கும் பொட்டு வச்சுட்டீங்களே" என்றது பத்மா. எனக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது; சொல்லவில்லை.

என்னிடம் கம்மா, அதாவது ஏரி நிறையத் தண்ணீர்; விருமாயியிடம் கரண்டு. நாங்கள் கொடுக்கல் வாங்கலை நிறுத்தினால் நடுவில் பத்மாவின் தெரு இருண்டுவிடும். "உங்க ரெண்டு பேரு வீம்புல எங்கூரு சனம் ஓடுது" என்று புலம்பும். ஓர் ஊரில் கை வைத்தால் மூன்றாவது ஊரில் ஏன் கத்துகிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. பேச்செல்லாம் செல்வம் வழியாகத்தான்.

"தம்பி, உங்கம்மா ஊரு குப்பை எங்கூருக்கு வருது. முடியாதுன்னு சொல்லு."

"சித்தி, அம்மா இந்தா உக்காந்துருக்கு. நீங்களே சொல்லுங்க."

"அந்த ஊர்ல எனக்கு ஆரையும் தெரியாதுப்பா."

பத்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும். நானும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சிரித்திருக்கிறேன்.

அந்தக் கோடையில் வைகையில் மணல்தான் கிடந்தது. தெருக்குழாய் காற்று விட்டது. லாரி என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்நேரம் பார்த்து என் மூத்த மகள் தனம் பிரசவத்துக்கு வந்தாள், பிள்ளையும் பிறந்துவிட்டது. பச்சைப்பிள்ளை வீட்டில் துணி அலசி மாளுமா? செல்வம் சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு வண்டியூர் வரைக்கும் அலைந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"சித்திகிட்ட ஒரு வார்த்தை கேளும்மா."

"குடத்தை எடுத்துட்டுக் கெளம்புடா."

விளையாட்டில் அவளிடம் எத்தனையோ தடவை கரண்டு கேட்டிருக்கிறேன். பொத்தானை அமுக்குவதில் மானம் போகாது. வாயைத் திறந்து கேட்பது வேறு.

ஒருநாள் மத்தியானம், பிள்ளை அழுகிற சத்தம் முன்னறை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. என் பெட்டியில் ஒரு கட்டம் எழும்பியது. தண்ணீர்ச் சொட்டு. என்னிடம் வாங்கினதில் மிஞ்சினது, விருமாயி ஊரிலிருந்து என் ஊருக்கே, விலை ஒன்றுமில்லை.

செல்வம் எட்டிப் பார்த்தான். "சித்தி, தப்பா அமுக்கிட்டீங்க. அம்மா ஊர்ல கம்மா நெறஞ்சு கெடக்கு. நீங்கதான தண்ணி வாங்குறவுக?"

"தெரிஞ்சுதான் அமுக்குனேன். வேணும்னா எடுத்துக்கிறச் சொல்லு. வேணாம்னா செவப்பு இருக்கு."

பத்மா எலியை விட்டுக் கையை எடுத்துவிட்டது. பச்சை, சிவப்பு ரெண்டும் கண் முன்னால் நிற்கின்றன. உள்ளே பிள்ளை அழுகிறது. நான் பச்சையை அமுக்கினேன்.

அமுக்கிவிட்டுச் சொன்னேன்: "செல்வம், சும்மா வாங்குற பழக்கம் இந்த ஊருக்கு இல்ல. பதிலுக்கு என்ன வேணும்னு அந்த ஊர்க்காரிகிட்டக் கேளு."

விருமாயி குரல், செல்வத்தைத் தாண்டி நேராக வந்தது. "இவரு புதுசா வண்டி வாங்கியிருக்காரு அக்கா. சந்துல நுழையல. வாசல்ல நிறுத்திக்கிறவா?"

"நிறுத்தச் சொல்லு" என்றேன்.

மறுநாள் விடியும்போது சுவருக்கு மேல் பச்சை டியூப் ஒன்று எட்டிப் பார்த்தது. "அக்கா, தொட்டியைக் காட்டுங்க, மோட்டாரப் போடுறேன்" என்றாள். காட்டினேன். தனத்தின் மகனை அன்றைக்குத்தான் ஒரு அண்டா நிறைய வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினேன். நன்றி என்றெல்லாம் நாங்கள் சொல்லிக்கொள்ளவில்லை. சாயங்காலம் அவள் உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கி, மூக்கு அக்கா கொழுந்தன் மூக்கு மாதிரி இருக்கிறது என்றாள். எனக்குக் கொழுந்தன் அவளுக்குப் புருசன். தாத்தா என்று என் வீட்டுக்காரர் இருக்க, தன் புருசன் மூக்கைப் பிள்ளைக்கு ஒட்டிவிட்டாள். கேலிக்குச் சொன்னாள், இத்தனை வருடம் கழித்து.

சென்டர் ரொம்ப நாள் நிற்கவில்லை. எல்லார் கைக்கும் போன் வந்தது, செல்வம் வேலைக்குப் போனான், பெட்டிகளைப் பழைய சாமான்காரனிடம் போட்டான். எங்கள் மூன்று ஊர்களும் அதற்குள்ளேயே போய்விட்டன. கடைசியாக சுவிட்சை அணைத்தபோது என் பஸ் ஸ்டாண்டில் சனம் நின்றுகொண்டிருந்தது. பத்மா போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டை விற்றோம், சுவரோடு சேர்த்து இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். விருமாயி மகனோடு ஓசூரில் இருக்கிறாள். ஒரே அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, பேசாமலே ஒருத்திக்கு வேண்டியதை இன்னொருத்தி தெரிந்துகொண்ட மத்தியானங்கள் இப்போது இல்லை. போனில் "சாப்ட்டியா" என்கிறோம்.

கயலு, முதலிலிருந்து ஒருதடவை படித்துக் காட்டு. மெதுவாகப் படி. நாளைக்கு இதை விருமாயிக்குப் போனில் படிக்க வேண்டும். முதலில் பேசினது யார் என்பதில் ஒரு எழுத்து பிசகினாலும் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.