பென்சிலில் எழுதிய பின்பக்கங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மைக்ரோபிலிம் கம்பனியில் வேலை செய்தேன். பழைய தாள்களை ஒவ்வொன்றாகக் கமராவுக்குக் கீழே வைத்துப் படம் பிடிக்க வேண்டும். படச்சுருள் சொந்தக்காரருக்குப் போகும். தாள்கள் அரைக்கிற லொறிக்குப் போகும். மூளை தேவையில்லாத வேலை என்பான் முதலாளி. அவனிடம் அது இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஒரு குளிர்காலம் மேற்கே கோதுமைச் சமவெளியில் இருந்து பதினொரு பெட்டிகள் வந்தன. ஒரு சின்ன ஊரின் முழுப் பதிவுகள். ஊர் மண்டபத்தை இடிக்கிறார்கள், வைக்க இடமில்லை, படம் பிடித்தபின் அரைத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. போரில் எங்கள் வீட்டில் ஒரு பிறப்புப் பத்திரம்கூட மிஞ்சவில்லை. இவர்கள் இருப்பதை அரைக்கக் கொடுக்கிறார்கள்.

நானும் கூட வேலை செய்த மன்னார் அண்ணை ஒருவரும் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டோம். முன்பக்கத்தை மட்டும் எடு என்பது முதலாளியின் உத்தரவு. அண்ணைக்குக் கிடைத்த ஏழாவது பெட்டியில் தானியக் களஞ்சியத்தின் அச்சடித்த படிவங்கள். ஒன்றும் நிரப்பப்படாதவை. அரை நாளில் முடித்துவிட்டார்.

லொறி வருகிற காலை, பெட்டிகளை வாசலுக்கு இழுத்தபோது அந்த ஏழாவது பெட்டியின் மூடி கழன்றது. நிரப்பாத படிவங்களை ஒரு ஊர் எதற்குக் கட்டிக் காக்க வேண்டும்?

அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக்குத் தாள் போகவிடாமல் அரசாங்கம் தடை போட்டிருந்தது. அக்காவின் கடிதங்கள் பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில்தான் வரும். முதல் கடிதத்தில் கணக்குக் கேள்விகளைப் பார்த்து யாரோ பகிடி விடுகிறார்கள் என்று எறியப் போனேன். அன்றிலிருந்து எந்தத் தாளையும் திருப்பிப் பார்க்காமல் வைக்க என் கைக்கு வராது. திருப்பினேன். பென்சில் எழுத்து, விளிம்பு வரை.

"அண்ணை, உதுகளின்ர பின்பக்கம் எடுத்தனீங்களோ?"

"பின்பக்கத்தில என்ன கிடக்கு? வெறும் தாள்."

"வந்து பாருங்கோ."

நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கினார். "மாதாவே! எழுதியெல்லோ கிடக்கு."

"இவ்வளவு நேரமும் உந்தக் கண்ணாடி நெத்தியில என்ன செய்தது?"

"நெத்திக்குக் குளிராமல் இருந்தது, பிள்ளை."

மழை பொய்த்த ஏழு வருடங்களின் ஊர்க்கூட்டக் குறிப்புகள் அவை. புதுத் தாள் வாங்க வழியில்லாமல் படிவங்களின் முதுகில் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை மூடுவதா என்று வாக்கெடுத்து, மூடுவதில்லை என்று முடிவு. ஆசிரியை எந்த வாரம் எந்த வீட்டில் சாப்பிடுவார் என்று அடுத்த பக்கம்.

வெளியே லொறி ஹோர்ன் அடித்தது. முதலாளி வந்து பெட்டியைத் தூக்கச் சொன்னான். நான் அதன்மேல் ஏறி இருந்தேன். இதை அரைப்பதானால் என்னையும் சேர்த்து அரை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் கத்தினான். நானும் கத்தினேன். அண்ணை வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"எழும்பாதை, பிள்ளை. இது என்ர பிழை."

கடைசியில் முதலாளி அந்த ஊருக்கு ரெலிபோன் எடுத்தான். அந்தக் குறிப்புகள் எப்போதோ தொலைந்துவிட்டன என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்களாம். பின்பக்கங்களையும் எடுங்கள், அந்தப் பெட்டியை மட்டும் அரைக்காமல் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். மற்றப் பத்துப் பெட்டிகளையும் நாங்கள் புரட்டிப் பார்த்த பிறகே லொறி புறப்பட்டது.

பென்சில் மங்கல். விளக்கை மாற்றி மாற்றி, ஒவ்வொரு தாளையும் மூன்று தரம் எடுத்தோம். சுருளின் முடிவில், எல்லாப் பக்கமும் எடுத்தாயிற்று என்று படம் பிடித்தவர் கையொப்பமிட்ட அட்டை ஒன்றையும் படம் பிடிக்க வேண்டும். வழக்கமாகக் கிறுக்கிவிடுவேன். அன்று முழுப் பெயரையும் தமிழில் எழுதினேன். அண்ணையும் கீழே எழுதினார்.

இது என்ன என்று கேட்டான் முதலாளி.

"எங்கள் பெயர்" என்றேன். அந்த ஊரின் படச்சுருளில் அது இருக்கிறது.