தூணில் இரண்டு ஊர்கள்

காலை ஐந்து ஐம்பதுக்கு, எங்கள் கம்பெனி பஸ் வருவதற்குள், கங்கப்பன் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுப்பார். வார்ப்பிரும்பில் குறி போடுகிற அதே சாக்பீஸ். முனையை ஊதுவார். பேருந்து நிறுத்தத் தூணை உள்ளங்கையால் துடைப்பார். பிறகு, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல, ஒரே ஒரு கோடு.

தூணில் இரண்டு வரிசைகள்: 'அங்க', 'இங்க'. அங்க என்றால் ஜெர்மனி. லேத் இயந்திரங்களை வேலைக்குத் தயார்செய்யும் செட்டரான அவரைக் கம்பெனி பத்து மாதம் அனுப்பியிருந்தது. இங்க என்றால் ஓசூர்.

பஸ் தாமதமானால் அங்க ஒரு கோடு. "ட்ராம் ஆறு பன்னெண்டுன்னா ஆறு பன்னெண்டுதாம்பா. நாமதான் அதுக்குப் பயந்து ஓடணும்." ராயக்கோட்டைத் தக்காளி வீட்டுக்கு வந்த மறுநாள் இங்க ஒரு கோடு. "அங்க தக்காளி பாக்கறதுக்கு ஜோரா இருக்குது. ரசம் வெச்சா செவப்பு வெந்நீர்." காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தும் அங்கே யாரும் கதவைத் தட்டவில்லை. இங்கே ஒருமுறை தும்மினால் நிறுத்தத்து டீக்கடை சரசம்மா கஷாயத்தோடு நிற்பார். அதற்கு இங்க இரண்டு கோடு.

"ஓசூர் டிராபிக்குக்கு ஒரு மைனஸ் போடுண்ணா" என்பான் எங்களோடு பஸ் ஏறும் சுரேந்தர்.

"மைனஸெல்லாம் கெடையாதுடா. ரெண்டு ஊரும் சோறு போட்டுது."

அவரிடம் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிற கதை ஒன்று உண்டு. ஆயுத பூஜையன்று அந்த ஊர் லேத்துக்கும் பொட்டு வைத்து, சூட்கேஸில் கொண்டுபோன கற்பூரத்தை ஏற்றியிருக்கிறார். கூரையில் இருந்த கருவி அலறியது. முந்நூறு பேர் குளிரில் வாசலுக்கு ஓடினார்கள். "நான் பூசணிக்காயக் கையில வெச்சிக்கிட்டு நடுவுல நிக்கறன். நாலே நிமிசம்பா! மூணு தீயணைப்பு வண்டி!" சொல்லும்போதே கண்ணில் நீர் வரச் சிரிப்பார். திட்டினார்களா? "இல்ல. பூசணிக்காய ஒடைக்கச் சொல்லி வரிசையா நின்னு போட்டோ புடிச்சாங்க." அதற்கு எந்தப் பக்கம் கோடு போடுவதென்று இன்றுவரை அவருக்குத் தெரியவில்லை.

கோடுகள் விளையாட்டில்லை. குடும்பத்தோடு மூன்று வருடம் வரச்சொல்லி அந்த ஜெர்மன் கம்பெனி கடிதம் அனுப்பியிருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். கங்கப்பனுக்கு ஆசை. ஆனால் மனைவி மேகலா வரமாட்டார் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். "அவளுக்கு இந்த ஊரு போதும்பா. நான் கேட்டா எனக்காகச் சரீன்னுருவா. அது தப்பில்ல? அதான் கேக்கல. கோடு சொல்லட்டும்."

கடைசி வாரத்தில் 'அங்க' வரிசை மடமடவென்று வளர்ந்தது. சில கோடுகள் தடிமனாக இருந்தன. "இது நான் போட்டதா?" என்று விரலால் தடவிப் பார்த்தார். சுரேந்தர் மீது சந்தேகப்பட்டார். அவன் அம்மா மேல் சத்தியம் செய்தான். கடைசி நாள் எண்ணியபோது அங்க நான்கு கோடு அதிகம். மகிழவேண்டிய மனிதர், "இனி அவகிட்ட கேட்டுத்தான ஆகணும்" என்று முனகிக்கொண்டே பஸ் ஏறினார்.

மறுநாள் தூரத்திலேயே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். "மேகலா என்னை முழுசா சொல்லவே விடலப்பா! எந்த மாசம் கெளம்பறோம்னு கேட்டா!" சரசம்மா எல்லோருக்கும் டீ ஊற்றினார். அன்று சாக்பீஸ் வெளியே வரவில்லை.

அவர்கள் விமானம் ஏறிய பிறகுதான் சரசம்மா எனக்குச் சொன்னார். மேகலா வேலைக்குப் போகும் செல்போன் கம்பெனியின் வேன் மாலை ஆறரைக்கு அதே தூணருகே நிற்குமாம். கோட்டுக் கணக்கு மேகலாவுக்கும் தெரிந்திருந்தது. அந்த வாரம் முழுதும் அவர் இறங்கி, டீக்கடை வாசலில் கோலம் போடும் தடித்த சுண்ணக்கட்டியைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"என்னாத்துக்கும்மா அந்தப் பக்கமே போடற?" என்று சரசம்மா கேட்டாராம்.

"பூசணிக்காய வெச்சிக்கிட்டு இவரு நின்ன எடத்த நானும் ஒருதரம் பாக்கணும்க்கா" என்று சொல்லி, சாப்பாட்டுப் பையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு, மேகலா இன்னொரு கோடு போட்டாராம்.